களத்தில் நின்றோரும் காத்திருந்தோரும்

1966ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆந் திகதி லண்டன் வெம்பிளி அரங்கிலே உலகக்கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டம் நடைபெற்றது. மேலதிக நேரம் வரை நீண்ட அவ்வாட்டத்தில் இங்கிலாந்து அணி மேற்கு ஜேர்மனியை 4-2 என்ற கோல் கணக்கில் வென்றது. அணித்தலைவர் பொபி மூர் படியேறிச் சென்று எலிசபெத் மகாராணியின் கையிலிருந்து கிண்ணத்தைப் பெற்றார். அவருடன் ஆடிய பத்துப்பேரும் பதக்கம் பெற்றனர். அதே அணியைச் சேர்ந்த வேறு பதினொருவர் சாதாரண உடையில் களத்துக்குப் புறத்தே நின்றனர். அவர்களுக்குப் பதக்கம் இல்லை. அணியை உருவாக்கிய பயிற்றுநர் அல்ஃப் றம்சிக்கும் இல்லை. இறுதியாட்டத்தில் ஆடியோர்க்கே பதக்கம் என்பது அக்கால விதியாக இருந்தது.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2009ஆம் ஆண்டு யூன் மாதம் 10ஆந் திகதி பிரித்தானியப் பிரதமரின் இல்லத்தில் நடைபெற்ற சிறு வைபவமொன்றில், அன்று களத்துக்குப் புறத்தே நின்றோர் முதியோராய் வந்து தத்தம் பதக்கங்களைப் பெற்றுக்கொண்டனர். மறைந்தோருக்காக அவர்தம் குடும்பத்தினர் பெற்றனர். 1930 முதல் 1974 வரை உலகக்கிண்ணத்தை வென்ற அணிகளில் இடம்பெற்றும் பதக்கம் பெறாத அனைவருக்கும் அதனை வழங்குவதெனச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 2007இல் எடுத்த முடிவின் விளைவே இவ்வைபவம்.

இவ்விரு காட்சிகளுக்கும் இடையில் ஓர் அறவியல் வினா கிடக்கின்றது. ஓர் அணி தன் முன்னாள் வீரருள் எவரை மதிப்புக்குரியோர் எனக் கொள்ளல் வேண்டும்? 1966இன் விதி நீதியானதாயின் 2009இல் நிகழ்ந்தது வெறும் இரக்கச் செயல். 2009இல் நிகழ்ந்தது நீதியாயின் 1966இல் நிகழ்ந்தது அநீதி. இரண்டும் ஒருங்கே சரியாக இருத்தல் அரிது. விளையாட்டைப் பற்றிய வினாவாகவே இது தோன்றினும், பலர் கூடி முயலும் எந்தத் துறைக்கும் இது பொருந்துவதாகும். ஆதலின் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் பயனுடைத்து.

இவ்வினாவுக்கு மூன்று விடைகள் கூறப்படலாம். மதிப்பு செயலுக்கு உரியது என்பது முதலாவது. மதிப்பு ஆற்றலுக்கு உரியது என்பது இரண்டாவது. மதிப்பு அணியில் ஒருவராய் நின்றமைக்கு உரியது என்பது மூன்றாவது. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

செயலே மதிப்பின் அளவுகோல் என்னும் கொள்கை முதலில் மிக உறுதியானதாகத் தோன்றும். ஆடியவர் வென்றார், வென்றவர் பதக்கம் பெற்றார். இதனினும் எளிய கணக்கு யாதுளது? ஆயினும் அந்தப் பதினொருவர் எவ்வாறு அப்பதினொருவர் ஆயினர் என்று வினவுவோமாயின் இக்கணக்கின் எளிமை மறைந்துவிடுகின்றது.

ஜிம்மி கிறீவ்ஸ் அக்காலத்து இங்கிலாந்தின் தலைசிறந்த கோல் அடிப்பாளர். தம் நாட்டுக்காக 57 ஆட்டங்களில் ஆடி 44 கோல்களைப் பெற்றவர். 1966 போட்டியின் முதல் மூன்று ஆட்டங்களிலும் அவர் ஆடினார். மூன்றாவதாகிய பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் காலிலே காயமேற்பட்டுத் தையலிட நேர்ந்தது. கால் இறுதி ஆட்டத்தில் அவரிடத்துக்கு ஜெஃப் ஹேர்ஸ்ற் வந்தார். அவ்வாண்டு பெப்ரவரியிலேதான் ஹேர்ஸ்ற் முதன்முதலாக நாட்டுக்காக ஆடியிருந்தார். ஆர்ஜென்ரீனாவுக்கு எதிரான அவ்வாட்டத்தின் ஒரே கோலை அவரே அடித்தார். வென்ற அணியை மாற்ற விரும்பாத றம்சி இறுதியாட்டத்திலும் ஹேர்ஸ்றையே ஆடவிட்டார். அவர் மூன்று கோல்களை அடித்தார். ஆண்களுக்கான உலகக்கிண்ண இறுதியாட்டமொன்றில் இச்சாதனையை மீண்டும் ஒருவர் நிகழ்த்த 2022ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மாற்று ஆட்டக்காரரைக் களமிறக்கும் வழக்கம் உலகக்கிண்ணப் போட்டியில் 1970இலேயே தொடங்கியதால், கிறீவ்ஸ் கடைசி நிமிடத்திலேனும் களம் புகுதற்கு வழி இருக்கவில்லை.

றொன் ஃபிளவேர்ஸின் நிலை இன்னும் நுட்பமானது. இறுதியாட்டத்துக்கு முந்திய இரவு ஜாக் சாள்ற்றனுக்குத் தடிமல் பிடித்தது. அவர் தேறாவிடின் ஆடுதற்கு ஆயத்தமாயிருக்குமாறு ஃபிளவேர்ஸ் பணிக்கப்பட்டார். விடிந்தபோது சாள்ற்றன் தேறியிருந்தார். ஒரு தடிமலின் போக்கிலே ஒருவருக்குப் பதக்கம் உறுதியாயிற்று, மற்றவருக்கு இல்லாதாயிற்று. களத்தில் நிகழ்ந்த செயல்கூட முற்றிலும் செய்தவன் வசத்தில் இருந்ததெனக் கூறவியலாது. ஹேர்ஸ்ற் அடித்த இரண்டாவது கோலில், மேற்சட்டத்தில் பட்டுக் கீழிறங்கிய பந்து கோட்டைக் கடந்ததா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. கோட்டு நடுவர் கடந்தது என்றார், அது கோலாயிற்று.

ஒருவனுடைய வசத்தில் இல்லாதவற்றுக்காக அவனைப் புகழலாமா, இகழலாமா என்ற வினாவை 1976இல் பேர்ணாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இரு மெய்யியலாளர் எழுப்பினர். அறத்தீர்ப்புகளில் ஊழுக்குள்ள இடத்தை அவர்தம் ஆய்வுகள் வெளிப்படுத்தின. தமிழ் மரபுக்கு இது புதிய வினா அன்று. ஊழின் வலிமை கூற ஓர் அதிகாரமும், முயற்சியின் பெருமை கூற ஆள்வினையுடைமை என்னும் வேறோர் அதிகாரமும் வகுத்தவர் வள்ளுவர். இரண்டையும் ஒரே நூலில் வைத்தமையால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை. மனித வாழ்வு அவ்விரண்டின் கலப்பு என்பதே அவ்வைப்பினால் நாம் உணரத்தக்கது. செயலை மாத்திரம் அளவுகோலாகக் கொள்ளும் விதியோ இக்கலப்பைக் காண மறுக்கின்றது. ஊழ் எவனைக் களத்தில் நிறுத்தியதோ அவனது பேற்றையும் அவனுடைய தகுதியாகவே எழுதிவிடுகின்றது.

இவ்வாறு கூறுவதால் ஹேர்ஸ்றின் பெருமை சிறிதும் குறைவதில்லை. வாய்ப்பை ஊழ் கொடுத்தது, கோலை அவரே அடித்தார். வாய்ப்புக் கிடைத்தும் செய்யத் தவறியோர் எத்தனையோ பேர். செயலுக்கு உரிய புகழ் செய்தவனுக்கே உரியது. அப்புகழும் அணியின் மதிப்பும் ஒன்றா என்பதே எம் வினா.

இரண்டாவது விடைக்கு வருவோம். சிறந்த குழலைச் சிறந்த குழலூதிக்கே கொடுத்தல் வேண்டும் என்பது அரிஸ்ரோட்டில் காட்டும் உதாரணம். குடிப்பிறப்போ செல்வமோ அதற்குத் தகுதியாகா, ஊதும் ஆற்றலே தகுதி. இவ்வழி நோக்கின், காயமுற்றதால் கிறீவ்ஸின் ஆற்றல் குறைந்துவிடவில்லை, ஆகவே அவர் மதிப்புக்குரியவர் எனலாம். பிறேசில் நாட்டுப் பேலேயின் கதை இதற்குத் துணையாக நிற்கும். 1962ஆம் ஆண்டு உலகக்கிண்ணத்தின் இரண்டாவது ஆட்டத்திலே காயமுற்ற பேலே பின்னர் அப்போட்டியில் ஆடவில்லை. அவரிடத்தில் ஆடிய அமரில்டோ இறுதியாட்டத்தில் கோலும் அடித்தார். உலகமே போற்றிய பேலேக்கு அவ்வாண்டின் பதக்கம் 2007ஆம் ஆண்டின் முடிவினாலேயே உரித்தாயிற்று.

ஆயினும் ஆற்றலை அளவுகோலாகக் கொள்வோமாயின் வேறோர் இடர் தோன்றுகின்றது. கிறீவ்ஸுக்கும் பேலேக்கும் பதக்கம் கிடைக்கும். பந்துக்காப்பாளர் றொன் ஸ்பிறிங்கெற்றுக்கோ ஜெரி பேர்ணுக்கோ கிடைக்குமா? புகழ்பெற்றோருக்காக மாத்திரம் விதியைத் தளர்த்துவது நீதியாகாது, அது புகழுக்குப் பணிதலேயாகும். மேலும், அணி என்பது ஆற்றல் மிக்கோரின் தொகை அன்று. தனித்தனியே சிறந்த பதினொருவரைச் சேர்த்தால் சிறந்த அணி அமைந்துவிடும் என்று றம்சி கருதவில்லை. நாட்டின் மிகச்சிறந்த கோல் அடிப்பாளரை வெளியே நிறுத்தி அவர் பெற்ற வெற்றி அக்கருத்துக்குச் சான்றாக நிற்கின்றது. அணியின் வெற்றிக்குரிய மதிப்பைத் தனியொருவன் ஆற்றலைக் கொண்டு பங்கிடுவது, கூட்டுப் பயிரின் விளைச்சலை உழவரின் உடல்வலிமை பார்த்துப் பங்கிடுவது போன்றதாகும்.

எஞ்சியிருப்பது மூன்றாவது விடை. இதனை நாம் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. 1966ஆம் ஆண்டு அணியினரே அதனைக் கூறிவிட்டனர். வெற்றிக்குரிய ஊக்கத்தொகையாக இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 22,000 பவுண்களை ஒதுக்கியது. ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கைக்கேற்ப அதனைப் பங்கிட இடமிருந்தது. வீரர்களோ அதனை இருபத்திரண்டு சம பங்குகளாக்கி ஆளுக்கு ஆயிரம் பவுண் பெறுவதென முடிவுசெய்தனர். அவர்களுள் எழுவர் அப்போட்டியில் ஒரு நிமிடமேனும் ஆடாதவர்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆடியோர் தம் பங்கைக் குறைத்தே அவ்வெழுவரின் பங்கை நிறைத்தனர்.

இத்தீர்ப்பு எம் கவனத்துக்குரியது. வெளியே நின்று நோக்கிய விதியாளர் பதினொருவரையே கண்டனர். உள்ளே இருந்தோர் இருபத்திரண்டு பேரைக் கண்டனர். யார் எதனைச் செய்தார் என்பதை அவ்வீரர்களிலும் பார்க்க நன்கறிந்தோர் எவருமிலர். அவ்வாறிருக்க, அவர்கள் ஏன் ஆடாதோரையும் சமமாக எண்ணினர்? நட்பினால் என்று கூறி விட்டுவிடலாகாது. ஆடாதோர் உண்மையாகவே ஒன்றைக் கொடுத்திருந்தனர் என்பதே காரணம். பயிற்சியிலே எதிரணியாக நின்று ஆடியோர் அவர்களே. எவரேனும் வீழ்ந்தால் அவ்விடத்தை நிரப்ப ஆளுண்டு என்ற நம்பிக்கையைத் தந்தோரும் அவர்களே. இவற்றுக்கெல்லாம் மேலாக, தாம் தெரிவு செய்யப்படாமற் போகலாம் என்பதை அறிந்தே தம்மை அணிக்கு ஒப்புக்கொடுத்தவர்கள் அவர்கள். ஆடியவனும் அவ்வாறே ஒப்புக்கொடுத்தவன். இந்த ஒப்புக்கொடுத்தலில் இருபத்திரண்டு பேரும் சமமானவர்கள். ஊழ் அவர்களைப் பிரித்தது அதற்குப் பின்னரே.

ஜோர்ஜ் ஈஸ்ற்றம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அவரும் அவ்வெழுவருள் ஒருவர். வெம்பிளியில் அவருக்குரிய செயல் யாதுமில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரைக் கழகங்கள் பிடித்து வைத்திருக்கும் முறைக்கெதிராக அவர் தொடர்ந்த வழக்கிலே 1963இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, அந்நாட்டின் தொழின்முறை வீரர் அனைவருக்கும் பயன் தந்தது. அன்று பதக்கம் பெற்ற பதினொருவரும் அப்பயனைப் பெற்றவர்களே. ஒரு வீரன் தன் தோழர்க்கு அளிக்கும் யாவும் ஆட்ட நேரத்துக்குள் அடங்கிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இங்கே இரு தடைகள் எழுப்பப்படலாம். அனைவருக்கும் கொடுக்கப்படும் மதிப்பு மதிப்பன்று என்பது ஒன்று. உலகம் அவ்வாறே எண்ணுகின்றது என்பதற்குச் சந்தை சாட்சி சொல்கின்றது. களத்தில் ஆடிய நொபி ஸ்ரைல்ஸின் பதக்கம் 2010இல் 188,200 பவுணுக்கு விலைபோயிற்று. கிறீவ்ஸ் 2009இல் பெற்ற பதக்கம் 2014இல் 44,000 பவுணுக்கே விற்கப்பட்டது. ஒரே வெற்றிக்குரிய இரு பதக்கங்கள், ஆயினும் விலை ஒன்று மற்றொன்றின் நான்கு மடங்குக்கும் மேல். எல்லை வகுப்பது எவ்வாறு என்பது மற்றொன்று. ஆடாத வீரனுக்கு உண்டெனின், பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டு இறுதிப் பட்டியலில் இடம்பெறாது வீடு திரும்பியவனுக்கும் உண்டா? உடை துவைத்தவருக்கும் உணவு சமைத்தவருக்கும் உண்டா?

இரண்டாவது தடையை முதலில் எடுத்துக்கொள்வோம். எல்லை மங்கலாயிருத்தல், எல்லையே இல்லை என்பதாகாது. அணியுடன் இறுதிவரை பிணைக்கப்பட்டிருந்தவர் எவர் என்று கேட்பதே தக்கது. முகாமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன் மனம் வருந்தியிருக்கலாம். ஆயினும் அவன் விடுவிக்கப்பட்டவன். அன்று முதல் அவனுடைய நாட்கள் அவனுக்கே உரியன. ஃபிளவேர்ஸோ விடுவிக்கப்படவில்லை. இறுதியாட்டத்தன்று விடியும் வரை அவர் அணிக்குக் கட்டுப்பட்டிருந்தார். றம்சியும் அவருக்குத் துணைநின்ற பயிற்சியாளர்களான ஹரல்ட் ஷெப்பேட்சன், லெஸ் கொக்கர் ஆகியோரும் அவ்வாறே கட்டுண்டிருந்தனர். 2009இல் இம்மூவரின் குடும்பத்தினருக்கும் பதக்கம் வழங்கப்பட்டமை பொருத்தமேயாம். உணவு சமைத்தவர் நன்றிக்கும் உரியவர், ஊதியத்துக்கும் உரியவர். வெற்றி தோல்வி என்னும் பழியும் புகழும் அவரைச் சாராமையால் அவர் நிலை வேறாகின்றது.

முதலாவது தடைக்கான விடை, மதிப்பு இருவகைப்படும் என்பதை உணர்வதில் அடங்கியுள்ளது. ஒன்றை உறுப்பு மதிப்பு என்றும் மற்றதைச் சிறப்பு மதிப்பு என்றும் அழைக்கலாம். உறுப்பு மதிப்பு, 'நீ எம்மவன், எம் வெற்றி உன் வெற்றி' என்று அணி கூறுவது. அதற்கு அளவில்லை, கூடுதல் குறைவில்லை. சிறப்பு மதிப்பு, ஒருவன் செய்த அருஞ்செயலை எடுத்துக்கூறுவது. அது ஒப்பிடும், வரிசைப்படுத்தும், வாதத்துக்கு இடந்தரும். சிலை எடுப்பதும், ஒருவர் அணிந்த இலக்கத்தை வேறெவரும் அணியாதவாறு ஒதுக்கிவைப்பதும் இவ்வகையின. சந்தை விலை கொடுப்பது இரண்டாவதற்கே. முதலாவதற்குச் சந்தையில் விலை இல்லை, ஏனெனில் அதனை வாங்கியவன் அணியின் உறுப்பினன் ஆகிவிடுவதில்லை. 1966இன் விதி செய்த பிழை, சிறப்பு மதிப்புக்குரிய அளவுகோலால் உறுப்பு மதிப்பை அளந்தமையே. ஹேர்ஸ்றின் மூன்று கோல்களைப் பாடுவதற்குக் கிறீவ்ஸை அணியிலிருந்து நீக்கிவைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சிறப்பு மதிப்பும் அணியை முற்றாக மறந்து நிற்க முடியாது. மூர், ஹேர்ஸ்ற், மாட்டின் பீற்றேர்ஸ் ஆகிய மூவரும் வெஸ்ற் ஹாம் கழகத்தவர். அம்மூவரையும் போற்றும் முகமாக அக்கழகத்தின் பழைய மைதானத்துக்கு அருகே 2003இல் வெண்கலச் சிலையொன்று நிறுவப்பட்டது. அதிலே நான்காவது மனிதர் ஒருவரும் இருக்கின்றார். அவர் எவேற்றன் கழகத்து வீரரான றே வில்சன். வெற்றியின் பின் மூரைத் தோளிலே தூக்கியவர்களுள் அவரும் ஒருவர். தம் கழகத்தவர் அல்லர் என்று அவரை நீக்கியிருப்பின் மூர் அந்தரத்தில் தொங்கியிருப்பார். ஒருவனை உயர்த்திக் காட்ட விரும்புவோர் அவனைத் தாங்கியவனையும் காட்டியே ஆகவேண்டும் என்பதை அச்சிலை எவ்விதப் போதனையுமின்றிக் கூறுகின்றது.

இனி, காலம் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். சிறப்பு மதிப்புக்கு ஓரளவு தாமதம் நன்றே. ஆரவாரம் அடங்கிய பின்பே அருஞ்செயலின் உண்மையான அளவு தெரியவரும். ஆயினும் அத்தாமதமும் ஒருவரின் ஆயுளைக் கடத்தல் ஆகாது. மூர் 1993இல் தமது 51ஆவது வயதில் மறைந்தார். வெஸ்ற் ஹாம் கழகம் அவர் அணிந்த 6ஆம் இலக்கத்தை அவர் நினைவாக ஒதுக்கிவைத்தது 2008இல். களத்தில் ஆடிய பதினொருவருக்குள்ளேயே போல், கொஹென், ஹன்ற், ஸ்ரைல்ஸ், வில்சன் ஆகிய ஐவருக்கு அரச கௌரவம் கிடைக்க 2000ஆம் ஆண்டு வரை, அதாவது முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. உறுப்பு மதிப்பைப் பொறுத்தவரையிலோ தாமதத்துக்குக் காரணமே இல்லை. அங்கே ஒப்பிட வேண்டியதும் இல்லை, வாதிட வேண்டியதும் இல்லை. அணியின் பெயர்ப்பட்டியல் 1966இலேயே கையிலிருந்தது. 2009இல் பதக்கம் வந்தபோது றம்சி மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. மதிப்பு என்பது பெறுபவரிலும் பார்க்கக் கொடுப்பவரையே பெரிதும் சார்ந்துள்ளது என்று அரிஸ்ரோட்டில் கருதினார். மறைந்தவருக்குக் கொடுக்கப்படும் பதக்கத்தை நினைக்கும்போது அக்கருத்தின் கசப்பு எமக்குப் புலனாகின்றது. அது பெறுபவரைச் சென்றடைவதில்லை. கொடுப்பவரின் கடனை மாத்திரம் தீர்க்கின்றது.

ஆகவே, முன்னாள் வீரருள் எவருக்கு மதிப்பளிப்பது என்று வாதிடப் புகுவோர் இரு வினாக்களைப் பிரித்துக் கேட்பாராக. எம்முடன் இறுதிவரை கட்டுண்டு நின்றோர் யாவர் என்பது முதல் வினா. அவர்கள் அனைவருக்கும் உரியதை வேறுபாடின்றி, அன்றே கொடுத்தல் வேண்டும். அவருள் அருஞ்செயல் புரிந்தோர் யாவர் என்பது இரண்டாவது வினா. அதனை வேண்டியமட்டும் வாதிடலாம், அவ்வாதமும் இனியதே. முதல் வினாவுக்கு விடை கூறாது இரண்டாவதில் இறங்குவோர் ஊழின் கணக்கைத் தகுதியின் கணக்காக எழுதும் பிழையைச் செய்வர்.

எம்மைச் சூழவுள்ள முயற்சிகள் பலவற்றிலும் மேடைக்கு அழைக்கப்படுவோர் சிலர், அழைக்கப்பட்டால் செல்ல ஆயத்தமாய் இருந்தோர் பலர். நாடகத்தில் ஒருவர் நோயுற்றால் நடிப்பதற்காக வசனம் முழுவதையும் மனனம் செய்து திரைக்குப் பின்னே இருந்தவரின் பெயரை நாம் எங்கே எழுதுகின்றோம்? கிறீவ்ஸ் தம் பதக்கத்தை விற்றதைச் சிலர் குறை கூறலாம். நாற்பத்து மூன்று ஆண்டுகள் பிந்தி வந்த பதக்கத்தை எவ்வளவு காலம் வைத்திருத்தல் வேண்டும் என்று அவரிடம் கேட்கும் உரிமை எமக்கு உண்டோ என்பது ஐயமே. அவருக்குரிய பங்கு 1966லேயே தோழரால் கொடுக்கப்பட்டுவிட்டது. இருபத்திரண்டாகப் பிரிக்கப்பட்ட அத்தொகையில் ஒரு பங்கு அது. அன்று அவ்வீரர்கள் செய்த பங்கீட்டை விதியாளர்கள் ஏற்றுக்கொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன என்பதே இவ்வரலாறு எமக்குக் கூறும் செய்தியாகும்.